வட்டின் வாயோலை

நுழையும்முன்

கணினி வைத்திருப்போர் பலரும் என்றேனும் ஒருநாள் செய்ய நேரும் பணி, வன்வட்டின் ஒரு பிரிவை ஒரு கோப்பு முறைமையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல். சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடிய இப்பணியில் சிறிது கவனம் தவறினாலும், ஒரு குடும்பம் பல்லாண்டு சேர்த்துவைத்த படங்களும் ஆவணங்களும் கைக்கு எட்டாமற்போகும். அம்மாற்றத்தின்போது வட்டினுள் நடப்பது என்ன என்பதை, உத்திரமேரூர் வட்டாரத்தின் பழைய வழக்கம் ஒன்றைத் துணையாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

குடமும் ஓலையும்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில், செய்யாற்றை ஒட்டிய ஊர் பெருநகர். உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்தது. அந்த உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் கற்சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், ஊராட்சி பற்றிய கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. அவை கூறும் குடவோலை முறையை நாம் வரலாற்றுப் பாடத்திலேயே கற்றிருக்கிறோம். அங்கு விரிவாகப் பேசப்படாத ஒரு நுட்பத்தை மட்டும் இங்குக் காண்போம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டன. அவ்வோலைகளை அப்படியே குடத்தில் கொட்டிவிடவில்லை. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் வெவ்வேறாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை ஒன்றை ஒவ்வொரு கட்டிலும் பூட்டி, அதன்பின்னரே குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் எடுத்துத் தரும் ஓலையை, ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் மத்தியஸ்தன் வாங்கி, அவையறியப் படிப்பான்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். குடத்திலுள்ள கட்டுகளின் வாயோலைகளை மட்டும் யாரோ அவிழ்த்து எறிந்துவிட்டால் என்னவாகும்? பெயரெழுதிய ஓலைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஓர் எழுத்தும் அழியவில்லை. ஆயினும் எந்தக் கட்டு எந்தக் குடும்புக்குரியது என்று எவராலும் கூறவியலாது. அவை நிறைந்திருந்தும் தேர்தல் நடவாது.

வன்வட்டிலும் இதே நிலைதான்.

வட்டினுள் உள்ள ஒழுங்கு

உலகின் முதல் வன்வட்டை 1956இல் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்த அப்பெரும் பொறியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று சட்டைப்பையில் அடங்கும் வட்டு அதனினும் பல இலட்சம் மடங்கு கொள்கிறது. கொள்ளளவு பெருகப் பெருக, எதை எங்கு வைத்தோம் என்னும் கணக்கும் பெருகிற்று.

வன்வட்டைக் கணினி சிறுசிறு அறைகளாகக் காண்கிறது. நாம் ஒரு நிழற்படத்தைச் சேமிக்கும்போது அது துண்டுகளாகி, காலியாக உள்ள அறைகளில் இடப்படுகிறது. அவ்வறைகள் அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்பதில்லை. படத்தின் பெயர், அளவு, நாள், அது கிடக்கும் அறைகளின் எண்கள் ஆகிய அனைத்தும் வேறோர் இடத்தில் பட்டியலாக எழுதி வைக்கப்படுகின்றன. இப்பட்டியலையும் அதை எழுதும் இலக்கணத்தையும் சேர்த்தே கோப்பு முறைமை என்கிறோம். ஒரே வட்டைப் பல பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு கோப்பு முறைமையைத் தரலாம். பேச்சுவழக்கில் பார்ட்டிஷன் என்று சொல்வது இப்பிரிவைத்தான்.

பட்டியல் எழுதும் இலக்கணங்கள் பல. 1977இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் தோன்றிய ஃபேட் முறைமை அவற்றுள் எளியது. ஒரு கோப்பின் முதல் அறை எது என்பதைக் கோப்புறைப் பட்டியல் கூறும். அதற்கு அடுத்த அறை எது என்பதை ஒதுக்கீட்டு அட்டவணை கூறும். இவ்வாறு சங்கிலிபோல் இறுதி அறைவரை செல்லவேண்டும். அட்டவணை பழுதானால் என் செய்வது என்று எண்ணி, அதற்கு இரண்டு படிகள் வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்ததால், ஒன்றுக்கு வரும் தீங்கு மற்றதையும் தொட்டுவிடக்கூடும்.

1993இல் விண்டோஸ் என்டி இயக்க அமைப்புடன் என்டிஎஃப்எஸ் வந்தது. இதன் சிறப்பைக் கணக்குப்பதிவியல் பயிலும் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். வணிகத்தில் எந்த நடவடிக்கையும் முதலில் குறிப்பேட்டில் பதியப்பட்டுப் பின்னர்ப் பேரேட்டுக்கு எடுத்தெழுதப்படுகிறது அன்றோ? என்டிஎஃப்எஸ் முறைமையும் தன் பட்டியலில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதன்பின்னரே மாற்றத்தைச் செய்கிறது. இடையில் மின்சாரம் நின்றால், மறுபடி இயங்கும்போது குறிப்பேட்டைப் படித்து, அரைகுறையாய் நின்ற பணியை முடிக்கும் அல்லது விலக்கும். லினக்ஸ் உலகில் இதே கருத்தை ஸ்டீபன் ட்வீடி 1998இல் ஓர் ஆய்வுரையாக முன்வைத்தார். அதன் வழியில், எக்ஸ்ட்2 முறைமையோடு குறிப்பேடு ஒன்றைச் சேர்த்ததும் எக்ஸ்ட்3 பிறந்தது. எக்ஸ்ட்2 பிரிவை எக்ஸ்ட்3 ஆக்குவதற்கு ஒரு கோப்பையும் அசைக்கவேண்டியதில்லை. கோப்பு முறைமை மாற்றங்களுள் இதனினும் இனியது வேறில்லை. எல்லா மாற்றங்களும் இவ்வாறு அமைந்துவிடுவதில்லை.

ஆற்றுத் திருவிழாவும் நான்கு ஜிகாபைட்டும்

தைப்பூச நாளில் பெருநகரைச் சுற்றியுள்ள ஊர்களின் உற்சவர்கள் செய்யாற்றில் ஒருங்கே எழுந்தருளுவது அவ்வட்டாரத்தின் பெருவிழா. மேல்நிலை இரண்டாமாண்டு பயிலும் மாணவி ஒருத்தி அவ்விழாவைப் படம்பிடித்து, துண்டுகளை மடிக்கணினியில் ஒன்றுசேர்த்து, 6 ஜிகாபைட்டு அளவுள்ள ஒரே காணொளியாக்கினாள் என்று கொள்வோம். வீட்டிலுள்ள பழைய புறவட்டில் அதைப் படியெடுக்க முயல்கிறாள். வட்டில் 200 ஜிகாபைட்டு இடம் காலியாக உள்ளது. ஆயினும், கோப்பு மிகப் பெரியது என்று கூறிக் கணினி மறுக்கிறது.

இதன் காரணம் வட்டில் இல்லை, இலக்கணத்தில் உள்ளது. அப்புறவட்டு, 1996இல் அறிமுகமான ஃபேட்32 முறைமையில் அமைந்தது. அம்முறைமை கோப்பின் அளவை எழுத 32 பிட்டுகள் கொண்ட கட்டம் ஒன்றை ஒதுக்குகிறது. அக்கட்டத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 429,49,67,295. அதற்கு மேல் ஒரு பைட்டு கூடினாலும் அளவை எழுத இடமில்லை. நான்கு ஜிகாபைட்டு என்று நாம் சொல்லும் எல்லை இதுவே. ஆண்டைப் பதிய நான்கு கட்டங்கள் மட்டும் வரைந்த படிவத்தில் 10000ஆம் ஆண்டை எழுத முடியாததைப் போன்றது இது.

அப்புறவட்டில் காணொளிக்கு இடமில்லை என்பது சிறு துன்பம். பெருங்கவலை வேறு. அதே வட்டில் தாத்தாவின் ஒரே நிழற்படம், அக்காளின் திருமணப் படங்கள், நிலத்தின் பட்டா, சிட்டா நகல்கள், மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகிய யாவும் உள்ளன. வட்டை என்டிஎஃப்எஸ் ஆக மாற்றினால் காணொளி ஏறும் என்பதை அவள் அறிவாள். ஆனால் கணினி முதலில் காட்டும் வழி 'ஃபார்மட்' என்பது. அது பழைய பட்டியலை நீக்கிப் புதிய வெறும்பட்டியலை எழுதும் செயல். வாயோலைகளை அவிழ்த்து எறிவது அதுதான்.

பழையது நிற்கப் புதியது எழுதுதல்

ஃபேட்32 பிரிவை, உள்ளிருக்கும் கோப்புகளை அகற்றாமலேயே என்டிஎஃப்எஸ் ஆக மாற்றும் 'கன்வர்ட்' என்னும் கட்டளை விண்டோசில் உண்டு. அது செய்யும் முறை கற்றுக்கொள்ளத்தக்கது.

கட்டளை முதலில் அப்பிரிவின் பெயரைத் தட்டச்சு செய்யுமாறு கேட்கிறது. வேறொரு வட்டைத் தவறுதலாக மாற்றிவிடாமலிருக்க இக்கேள்வி. பின்னர்ப் பழைய பட்டியலில் பிழை உள்ளதா என்று சோதிக்கிறது; பிழை இருந்தால் மேற்செல்வதில்லை. அடுத்து, காலியாக உள்ள அறைகளில் என்டிஎஃப்எஸ் இலக்கணப்படி புதிய பட்டியலை எழுதத் தொடங்குகிறது. தாத்தாவின் படம் பழைய பட்டியலின்படி எந்த அறைகளில் கிடந்ததோ, புதிய பட்டியலும் அதே அறைகளையே சுட்டும். படம் தான் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது; அதற்கு இரண்டாவதாக ஒரு வாயோலை எழுதப்படுகிறது, அவ்வளவே. இக்காரணத்தால்தான் இம்மாற்றத்திற்கு ஓரளவு காலியிடம் தேவைப்படுகிறது. விளிம்புவரை நிரம்பிய வட்டை இவ்வழியில் மாற்ற இயலாது.

புதிய பட்டியல் முழுமை பெறும்வரை பழைய பட்டியல் அப்படியே இருக்கிறது. எல்லாம் எழுதி முடிந்தபின், இறுதிச் செயலாகப் பிரிவின் முதல் அறையில் உள்ள தொடக்கக் குறிப்பை மாற்றி, இனி இது என்டிஎஃப்எஸ் என்று அறிவிக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் பணி நின்றுபோனால், பெரும்பாலும் பழைய முறைமையாகவே வட்டு திறக்கும்.

பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். அச்சொல்லின் இடைவெளியில்தான் மின்வெட்டும், தளர்ந்த இணைப்புக் கம்பியும், முதுமையடைந்த வட்டும் நுழைகின்றன. எனவே மாற்றத்திற்கு முன் வேறொரு வட்டில் காப்புப்படி எடுத்தல் வேண்டும். அதிலும், எடுத்த படியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்த பின்னரே அதைக் காப்புப்படி எனலாம். திறந்து பாராத படி வெறும் நம்பிக்கை.

ஏட்டுச்சுவடிகளைப் பேணிய நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பனையோலை செல்லரிக்கும், முறியும். ஆதலால் பழைய சுவடி சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதாமல் பழையதைக் கைவிட்ட இடங்களில் நூல்களே மறைந்தன. கரிவலம்வந்தநல்லூரில் பழுதுபட்ட சுவடிகள் நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்ட செய்தியை அறிந்து உ.வே. சாமிநாதர் உற்ற துயரம் தமிழுலகம் அறிந்தது.

லினக்சில் பயன்படும் 'பிடிஆர்எஃப்எஸ்' முறைமைக்கு மாற்றும் கருவி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. எக்ஸ்ட்4 பிரிவை மாற்றியபின், பழைய பட்டியலின் முழு வடிவத்தையும் அது ஒரு தனிக் கோப்பாகப் பாதுகாக்கிறது. புதிய முறைமை மனநிறைவு தராவிடில், அக்கோப்பைக்கொண்டு முன்பிருந்த நிலைக்கே திரும்பலாம். விண்டோசின் 'கன்வர்ட்' கட்டளைக்குத் திரும்பும் வழி இல்லை.

தெரிந்து தெளிவோம்

தமிழ்ப் பெயர் சூட்டிய கோப்பை ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும்போது ஒரு வியப்பு நேரும். என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறியீடுகளை ஏற்கும். எக்ஸ்ட்4 முறைமையோ 255 பைட்டுகளை மட்டுமே ஏற்கும். ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆகவே 15 பைட்டுகள். 'பெருநகர் பிரம்மபுரீசுவரர் கோயில் தைப்பூச ஆற்றுத் திருவிழா' என்னும் பெயரில் இருப்பவை 30 எழுத்துகளே. இடைவெளிகளையும் சேர்த்து அது 161 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. இதனினும் நீண்ட தமிழ்ப்பெயர் விண்டோசில் தங்கும்; லினக்ஸ் பிரிவுக்குப் படியெடுக்கும்போது மறுக்கப்படலாம்.

வட்டின் உள்ளேயே மாற்ற வழியில்லாதபோது

எல்லா இணைகளுக்கும் இத்தகைய மாற்றுக்கருவி கிடையாது. எக்ஸ்ட்4 பிரிவை என்டிஎஃப்எஸ் ஆக்குவதற்கு விண்டோசிலோ லினக்சிலோ வழக்கமான கட்டளை எதுவும் இல்லை. அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து, பிரிவைப் புதிதாக வடிவமைத்து, மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பதே வழி. தமிழகத்தில் இது ஏட்டளவிலான சிக்கலன்று. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில், விண்டோசும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய லினக்சும் ஒருங்கே இடம்பெற்றன. ஒரே வட்டின் இரு பிரிவுகளில் இருவேறு இலக்கணங்கள். லினக்சுக்கு விண்டோசின் பிரிவைப் படிக்கத் தெரியும். விண்டோசுக்கு லினக்சின் பிரிவு புரியாது.

புரியாததை அது சொல்லும் விதத்தில்தான் ஆபத்து உள்ளது. லினக்சில் எக்ஸ்ட்4 முறைமையாக வடிவமைத்த புறவட்டு ஒன்றை விண்டோஸ் கணினியில் செருகினால், இவ்வட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்யவேண்டும் என்னும் அறிவிப்பு தோன்றக்கூடும். வட்டு பழுதாகிவிட்டது என்று கருதி இசைவு தருவோர் உண்டு. உண்மையில் வட்டு நலமாகவே உள்ளது. அதை எழுதிய மொழி இக்கணினிக்குத் தெரியவில்லை என்பதே அவ்வறிவிப்பின் பொருள். அறியாத மொழியில் எழுதப்பட்ட நூலை வெற்றுத்தாள் என்று கூறும் படிப்பாளியை நாம் நம்புவதில்லை; கணினி கூறினால் நம்பிவிடுகிறோம்.

தவறி இசைவு கொடுத்துவிட்டால்? விரைவு வடிவமைப்பு பட்டியலை மட்டுமே புதிதாக எழுதுகிறது. சுழலும் தட்டுகளையுடைய வன்வட்டில் பழைய கோப்புகளின் துண்டுகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். புதிதாக ஒன்றையும் அவ்வட்டில் எழுதாமல் உடனே நிறுத்திவிட்டால், மீட்பு மென்பொருள் பலவற்றைத் தேடியெடுத்துவிடும். எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டில் இந்த நம்பிக்கை குறைவு. இன்று வேண்டாதவை இவ்வறைகள் என்று இயக்க அமைப்பு அறிவித்ததும், அவ்வட்டு தானே அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்துவிடுகிறது.

படியெடுத்துத் திரும்பச் சேர்க்கும்போது, எழுத்து தங்கினாலும் சில குறிப்புகள் தங்குவதில்லை. லினக்ஸ் கோப்பின் உரிமையாளர் யார், எவர் படிக்கலாம், எவர் திருத்தலாம் என்னும் செய்திகளை எழுத ஃபேட்32 பட்டியலில் கட்டங்களே இல்லை. திருத்தப்பட்ட நேரத்தை அது இரண்டு நொடி இடைவெளியில்தான் குறிக்கும். ஆகவே லினக்ஸ் கோப்புகளுக்கு ஃபேட்32 வட்டு தற்காலிக இருப்பிடமாகக்கூடப் பொருத்தமற்றது. அத்தகைய நிலையில் கோப்புகள் அனைத்தையும் ஒரே தொகுப்புக் கோப்பாகக் கட்டிக் கொண்டுசெல்வது வழக்கம். ஆனால் அத்தொகுப்பு நான்கு ஜிகாபைட்டைத் தாண்டினால் பழைய சிக்கல் மீண்டும் எதிரில் வந்து நிற்கும்.

ஒத்திகை பார்த்த மாற்றம்

ஒரு வட்டை மாற்றவே இத்தனை எச்சரிக்கை தேவையெனில், பல கோடி வட்டுகளை அவற்றின் உரிமையாளர் அறியாமலேயே மாற்றுவது எங்ஙனம்? ஆப்பிள் நிறுவனம் அதைச் செய்தது. 1998 முதல் வழங்கிவந்த தன் பழைய கோப்பு முறைமையைக் கைவிட்டு, 2017 மார்ச் 27 அன்று வெளியிட்ட ஐஓஎஸ் 10.3 புதுப்பித்தலின்வழி, உலகெங்கும் உள்ள ஐஃபோன்களைப் புதிய ஏபிஎஃப்எஸ் முறைமைக்கு மாற்றிற்று. பலர் கைப்பேசி மீண்டும் இயங்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனதை மட்டுமே கண்டனர்.

அதற்குமுன் நடந்த ஒத்திகையைப் பின்னர் அந்நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி வெளிப்படுத்தினார். முந்தைய புதுப்பித்தல்களின்போதே கைப்பேசிகள் புதிய பட்டியலை எழுதிப் பார்த்து, அது சரியாக உள்ளதா என்று சோதித்து, முடிவை நிறுவனத்திற்குத் தெரிவித்துவிட்டு, பழைய முறைமைக்கே திரும்பிவிட்டனவாம். கோப்புகளை அசைக்காமல் பட்டியலை மட்டும் எழுதுவதால் இவ்வொத்திகை இயன்றது. பயனரிடம் கேட்காமல் அவருடைய கைப்பேசியில் ஒத்திகை பார்ப்பது முறையா என்ற வினா எழத்தான் செய்கிறது. தொழில்நுட்பத்தில் அது வியக்கத்தக்க பணி என்பதையும் மறுக்கவியலாது.

மீண்டும் பெருநகர் வீட்டில்

நம் மாணவியிடம் திரும்புவோம். அவள் செய்யத்தக்கது இது. புறவட்டில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் மடிக்கணினியிலோ உறவினரின் வட்டிலோ படியெடுக்கிறாள். கோப்புகளின் எண்ணிக்கை இரண்டிடத்தும் ஒன்றா என்று பார்க்கிறாள்; தாத்தாவின் படத்தையும் பட்டா நகலையும் படியிலிருந்து திறந்து பார்க்கிறாள். மடிக்கணினியின் மின்கலத்தை முழுமையாக ஏற்றிக்கொண்டு, மின்னிணைப்பிலும் வைக்கிறாள். புறவட்டுக்கான மின்சாரம் மடிக்கணினியிலிருந்தே செல்வதால், ஊரில் மின்சாரம் நின்றாலும் பணி நிற்காது. அதன்பின் கட்டளையைத் தருகிறாள். கம்பியைத் தொடாமல் காத்திருக்கிறாள்.

மாற்றம் முடிந்ததும் 6 ஜிகாபைட்டுக் காணொளி தடையின்றி வட்டில் ஏறுகிறது. ஆனால் அவ்வட்டை வீட்டுத் தொலைக்காட்சியில் செருகினால் படம் தெரியாமற்போகலாம். பழைய தொலைக்காட்சிகளுள் சில ஃபேட்32 முறைமையை மட்டுமே படிக்கும். திருவிழாவைப் பாட்டிக்குக் காட்ட, அவள் காணொளியை இரண்டு துண்டுகளாக்கி, ஃபேட்32இல் உள்ள சிறு பென்டிரைவில் இட்டு எடுத்துச்செல்ல நேரும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள பென்டிரைவ், புறவட்டு ஆகியவற்றின் பண்புகளைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பு முறைமையில் உள்ளது என்பதைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

உங்கள் முழுப்பெயரையும் ஊர்ப்பெயரையும் தமிழில் எழுதி, அவை கண்ணுக்கு எத்தனை எழுத்துகள், கணினிக்கு எத்தனை பைட்டுகள் எனக் கணக்கிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.